மலாயா விடுதலைப் போராட்டத்தைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் படிக்க ஒரு சொல் வழிகாட்டி

1948 ஜூன் தொடங்கி 1960 ஜூலை 31 வரை மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிஸ்ட் படைக்கும் நடந்த போரை ஆங்கில ஆவணங்கள் ‘எமர்ஜென்சி’ என்கின்றன. தமிழிலும் அவசரகாலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதே பன்னிரண்டு ஆண்டுகளைக் காட்டிலிருந்து போராடிய மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியினரின் சீன வெளியீடுகளில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. அங்கே அது ‘பிரிட்டனை எதிர்த்த தேசிய விடுதலைப் போர்’. அகராதியில் எமர்ஜென்சிக்கு நேரான சீனச் சொல்லை எடுத்து மனப்பாடம் செய்தால் பாதி ஆவணங்கள் கண்ணில் படாமலே போகும். அதனால் இந்த வரலாற்றுக்கான சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு இரண்டு விவரம் கட்டாயம்: யார் சொன்னது, எந்த ஆண்டில்.

பள்ளி அளவு ஆங்கிலமும், சீனத்தில் ஒன்றுமே தெரியாத நிலையும் போதும். இலக்கு பேசுவதல்ல, பழைய நாளிதழின் தலைப்பு, துண்டறிக்கை, அரசாணை ஆகியவற்றை அகராதி உதவியோடு பிரித்துப் படிப்பதுதான். மலாயாச் சீனர்கள் வீட்டில் ஹொக்கியன், கான்டனீஸ், ஹக்கா என்று பல மொழி பேசினாலும் எழுத்து பெரும்பாலும் ஒன்றே. ஆகவே மாண்டரின் ஒலியைக் கற்றுக்கொள்ளுங்கள். அகராதிகளும் அதன்படிதான் அமைந்திருக்கின்றன.

முதலில் ஒலி

தமிழ் எழுத்தில் மாண்டரினைக் குறித்துக்கொள்ள இரண்டு அடையாளம் சேர்த்தால் போதும். அசைக்குப் பின்னால் வரும் எண் தொனி: 1 உயரத்தில் சமமாக நிற்கும், 2 மேலே ஏறும், 3 கீழே தாழ்ந்து கிடக்கும், 4 சட்டென்று இறங்கும். அசைக்கு முன்னால் வரும் ’ குறி, மெய்யெழுத்தை மூச்சு வெடிக்கச் சொல்லவேண்டும் என்பதற்கு. குறி இல்லாத ப, த, க ஆகியவற்றைத் தமிழ்ச் சொல்லின் முதலில் சொல்வதுபோலவே சொல்லுங்கள்: படம், தலை, கல். ரோமன் எழுத்தில் இவற்றை பி, டி, ஜி என்று எழுதுவதால் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தொண்டையை அதிரவைத்துக் கெடுப்பார்கள். தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வரும் தொல்லை மூச்சை மறந்துவிடுவது. ஒரு துண்டுக் காகிதத்தை வாய்முன் பிடியுங்கள். ’பான்4 என்னும்போது ஆடவேண்டும், பான்4 என்னும்போது ஆடக்கூடாது.

இன்னொரு சலுகையும் உண்டு. ரோமன் முறையில் ஆர் என்று எழுதப்படும் முதலொலிக்கு மிக நெருங்கியது நம்முடைய ழ. மக்கள் என்பதை ழன்2-மின்2 என்று எழுதிப் படித்தால் சரியாக வரும். ‘ரென்மின்’ என்று படிப்பவர்கள்தான் திணறுவார்கள்.

அகராதியில் தேடும்போது தொனி எண்ணை விட்டுவிடாதீர்கள். அரசியல் சொற்கள் பெரும்பாலும் ஈரசை. தொனி இல்லையென்றால் ஒரே ஒலிக்கு எட்டுப் பத்துச் சொல் வந்து நிற்கும். மூன்றாம் தொனி இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முன்னது பேச்சில் இரண்டாம் தொனியாகிவிடும். நோட்டில் மட்டும் மூலத் தொனியையே எழுதுங்கள், அகராதி அப்படித்தான் வைத்திருக்கும்.

நோட்டு

குறுக்குவாட்டில் ஆறு பத்தி: இன்றைய எளிய எழுத்து, பழைய முழு எழுத்து, தொனியோடு ஒலி, ஆங்கிலச் சொல், யார் பயன்படுத்தினார், எந்த ஆண்டில் கண்டது. பழைய எழுத்துக்குத் தனிப்பத்தி ஏனென்றால் 1940களின், 50களின் மலாயா அச்சு முழுதும் பழைய வடிவத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் எளிய எழுத்து 1969க்குப் பிறகுதான் புகுந்தது, மலேசியாவில் இன்னும் தாமதம். எளிய எழுத்து மட்டும் கற்றவருக்கு 1948 நாளிதழில் கட்சி, படை, நாடு, உரிமை, சங்கம் என்ற முக்கியமான எழுத்துகளே அடையாளம் தெரியாது.

வாரத்துக்கு 20 சொல்லுக்கு மேல் ஏற்றவேண்டாம். தனிச்சொல்லாக ஏற்றுவதைவிட அசையாக ஏற்றுவது மேல். முதல் வாரத்துக்கு இவை: மின்2 மக்கள், குவோ2 நாடு, தாங்3 கட்சி, ஜ்யுன்1 படை, ஃபா3 சட்டம், ’ச்யுவென்2 உரிமை, ஹுய்4 சங்கம் அல்லது கூட்டம், ஜி4 ஆளுதல், ஃபான்3 எதிர், ’காங்4 எதிர்த்து நில், பா4 நிறுத்து. இவற்றில் மக்கள், சட்டம், ஆளுதல், எதிர், எதிர்த்து நில் ஆகிய ஐந்தும் பழைய வடிவத்திலும் அப்படியே இருக்கும், மற்றவை மாறும். அந்த மாறும் ஆறையும் இரண்டு வடிவத்திலும் பத்து முறை எழுதிப் பாருங்கள்.

இதை வைத்தே நிறையக் கட்டலாம். ட்ஸு4-ஜி4 தன்னாட்சி. ஜி2-மின்2-தி4 குடியேற்ற நாடு, அதை எதிர்ப்பது சுருக்கமாக ஃபான்3-ஜி2. விடுதலை து2-லி4, அதைப் போராடிப் பெறுவது ஜங்1-’ச்யூ3 து2-லி4. மலாய்ச் சொல்லான மெர்டேக்காவை ஒலிபெயர்த்து மோ4-தி2-’கா3 என்றும் எழுதினார்கள்.

பா4 குடும்பம் தனியாகப் பார்க்கத் தக்கது. பா4-குங்1 வேலைநிறுத்தம், பா4-ஷி4 கடையடைப்பு, பா4-’க4 மாணவர் வகுப்புப் புறக்கணிப்பு. ஆங்கில நாளிதழ் மூன்றையும் ‘ஸ்ட்ரைக்’ என்று போட்டுவிடும், அல்லது ‘பாய்காட்’. 1947 அக்டோபர் 20 அன்று, புதிய கூட்டாட்சி அரசியலமைப்பை எதிர்த்து மலாயா முழுதும் நடந்ததை மட்டும் ஆங்கிலம் ‘ஹர்த்தால்’ என்கிறது. இந்தியாவிலிருந்து வந்த சொல். ஆங்கில அகராதியைவிடத் தமிழ் வாசகருக்கு நன்றாகத் தெரியும். சீனத்தில் அந்த நாளைத் தேட வேண்டுமானால் பா4-ஷி4 என்ற கடையடைப்புச் சொல்லோடு தேடுங்கள்.

ஒன்றுபோல் இருந்து ஏமாற்றுபவை

இங்கேதான் அதிகம் தடுக்கி விழுவார்கள். லியென்2-பாங்1, லியென்2-ஹ2-பாங்1, லியென்2-மங்2 மூன்றையும் இணைப்பு என்ற ஒரே எழுத்துதான் தொடங்கிவைக்கிறது. வழக்கமாக, 1946 ஏப்ரல் 1 அன்று வந்த ‘மலாயன் யூனியன்’ மா3-லாய்2-யா4 லியென்2-பாங்1; 1948 பிப்ரவரி 1 அன்று அதன் இடத்தில் வந்த ‘ஃபெடரேஷன் ஆஃப் மலாயா’ மா3-லாய்2-யா4 லியென்2-ஹ2-பாங்1. இவற்றோடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த பழைய கூட்டரசு மா3-லாய்2 லியென்2-பாங்1. யா4 என்ற ஓரசைதான் வித்தியாசம். அதை விட்டால் ஐம்பது ஆண்டு பின்னால் போய்விடுவீர்கள். லியென்2-மங்2 என்பது ஆட்சி அமைப்பே அல்ல, 1955 தேர்தலில் வென்ற கூட்டணிக் கட்சி.

அந்தக் கூட்டணியின் உறுப்புகள்: மலாய்க்காரர் கட்சியான அம்னோ ஊ1-’துங்3, மலாயாச் சீனர் சங்கம் (ம.சீ.ச.) மா3-ஹுவா2 குங்1-ஹுய்4, மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) குவோ2-தா4-தாங்3. கடைசிப் பெயரே இந்தியத் தேசியக் காங்கிரசுக்கும் சீனத்தில் வழங்குகிறது. 1946இல் தொடங்கிய ம.இ.கா. பற்றிய செய்தியை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் டில்லிக் காங்கிரஸ் கோலாலம்பூரில் பேச்சுவார்த்தை நடத்தியதுபோல் வந்து நிற்கக்கூடும். ஊரையும் ஆண்டையும் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள்.

குங்1-ஹுய்4 இன்னும் மோசம். ம.சீ.ச.வின் பெயரில் அது பொதுச் சங்கம். அதே ஒலி, அதே தொனியில் தொழிற்சங்கமும் குங்1-ஹுய்4தான். எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்: தொழிலுக்குரிய குங்1 மேலும் கீழும் இரண்டு படுக்கைக்கோடு, நடுவில் ஒரு நிலைக்கோடு, அவ்வளவே. பொதுவுக்குரியது மேலே இரண்டு பக்கமும் சரியும் கோடுகளும் கீழே ஒரு மடிப்பும் கொண்டது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதுபோல் மலாயாவில் தொழிற்சங்கத்தை ஜி2-குங்1-ஹுய்4 என்று எழுதும் வழக்கம் வலுத்தது. மலாயா கணபதி தலைமை தாங்கிய அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பெயரிலும் ஜி2-குங்1 வரும். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டதைத் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஊ3-யி1-ஸான்1 ஷி4-ஜியென்4, ‘ஐந்து-ஒன்று-மூன்று நிகழ்வு’, அதாவது மே 13. சிங்கப்பூர் எழுத்தில் இது 1954இல் கட்டாயப் படைப்பதிவை எதிர்த்துச் சீனப் பள்ளி மாணவர்கள் காவல்துறையோடு மோதிய நாள். மலேசிய எழுத்தில் 1969 கலவரம். தலைப்பை மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

யுன்4-துங்4 இயக்கம், விளையாட்டும் அதே சொல். விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் ஏமாறவேண்டாம்.

யார் வாயில் எந்தச் சொல்

ஒரே ஆளைக் குறிக்கும் சொற்களை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் முதலில் ‘பாண்டிட்’ என்றார்கள், கொள்ளையன். 1952இல் அதிகாரபூர்வமாக ‘கம்யூனிஸ்ட் டெரரிஸ்ட்’ என்று மாற்றி, சி.டி. என்று சுருக்கினார்கள். ஆண்டு தெரியாத ஆங்கிலத் தாள் ஒன்று கையில் கிடைத்தால் இந்த ஒரு சொல்லே 1952க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடும். சரணடைந்தவர் எஸ்.இ.பி., பிடிபட்டவர் சி.இ.பி.; இந்தச் சுருக்கங்களை விரிக்காமலே ஆவணங்கள் ஓடும். சீனத்தில் அரசுத் தரப்பு ஃபேய்3-’தூ2 அல்லது குங்4-ஃபேய்3 என்றது. ஃபேய்3 என்றாலே கொள்ளையர் கூட்டம். ஷான்1-லாவ்3-ஷூ3, ‘மலை எலி’, என்ற இளப்பமும் உண்டு. நடுநிலையாக மா3-குங்4, மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி என்பதன் சுருக்கம்.

அவர்கள் தங்கள் படையை 1949 பிப்ரவரியிலிருந்து மா3-லாய்2-யா4 மின்2-ட்ஸூ2 ஜியே3-ஃபாங்4-ஜ்யுன்1 என்றார்கள். மின்2-ட்ஸூ2 என்பதற்குத் தேசம், இனம் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘மலாயன் ரேசஸ் லிபரேஷன் ஆர்மி’, எம்.ஆர்.எல்.ஏ., என்றே மொழிபெயர்த்தார்கள். சரியானது ‘நேஷனல்’, அதாவது எம்.என்.எல்.ஏ. இரண்டு சுருக்கமும் ஒரே படைதான். தேடும்போது இரண்டையும் போடுங்கள். அதற்கு முந்தைய ஜப்பானிய எதிர்ப்புப் படை வேறு: ழன்2-மின்2 ’காங்4-ழி4-ஜ்யுன்1, ஆங்கிலத்தில் எம்.பி.ஏ.ஜே.ஏ. படைக்கு உணவும் தகவலும் தந்த பொதுமக்கள் அமைப்பு மின்2-யுன்4. ஆங்கிலத் தாள்களில் ‘மின் யுவென்’ என்று எழுத்து மாறிக் கிடக்கும்.

நிகழ்வுகளுக்கும் இதே கதை. ’சி3-யி4 என்றால் நீதிக்காக எழுவது, எழுச்சி. பாவ்4-துங்4 கலகம். ’பான்4-லுவான்4 அரசுக்கு எதிரான கிளர்ச்சி. ஷி4-ஜியென்4 யாரையும் குற்றம் சொல்லாத ‘நிகழ்வு’. ’ட்ஸான்3-ஆன்4 துயர நிகழ்வு, ’தூ2-ஷா1 படுகொலை. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அரசுத் தரப்பு விளக்கம், தப்பியோடும்போது சுடப்பட்டார்கள் என்பது. இதைப் பற்றிய கட்டுரைகளில் மேற்கண்ட கடைசி மூன்றில் எது தலைப்பில் இருக்கிறதென்று பத்து தலைப்பைக் குறித்துப் பாருங்கள். எழுதியவர் எங்கே நிற்கிறார் என்று கட்டுரையைப் படிக்காமலே ஓரளவு தெரியும்.

ஹுவா2-’சியாவ்2, ஹுவா2-ழன்2 வேறுபாட்டையும் விட்டுவிடாதீர்கள். முன்னது சீன நாட்டுக் குடிமகனாக வெளிநாட்டில் தங்கியிருப்பவர், பின்னது சீன இனத்தவர். 1930களில் முன்னது மிகுதி. குடியுரிமை, அதாவது குங்1-மின்2-’ச்யுவென்2, கோரிக்கையாக எழுந்த 1950களில் பின்னது மேலேறுகிறது. ட்ஸூ3-குவோ2, ‘தாய்நாடு’, என்று எங்காவது கண்டால் ஆண்டைப் பார்க்காமல் மலாயா என்று எழுதிவிடாதீர்கள். சீனாவாக இருக்கலாம்.

சட்டச் சொற்கள்

அவசரநிலை ஜின்3-ஜி2 ஜுவாங்4-’தாய்4. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காப்புறுதி ஈடு கிடைக்காது என்பது, ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத் தவிர்த்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஃபா3-லிங்4 என்பது ‘ஆர்டினன்ஸ்’, ‘ஆக்ட்’ இரண்டுக்கும் வரும்; குடியேற்ற ஆட்சியின் சட்டமா, விடுதலைக்குப் பிந்தையதா என்பதைச் சீனச் சொல் காட்டாது. 1960 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் ஃபா3-லிங்4தான்.

ஜியே4-யென்2 என்பதற்கு அகராதி முதலில் இராணுவச் சட்டம் என்று போடும். மலாயா, சிங்கப்பூர் நாளிதழில் அது பெரும்பாலும் ஊரடங்கு. விசாரணையின்றிக் காவலில் வைப்பதை இங்கே ’கோவ்4-லியூ2 என்பார்கள். சீனாவில் அச்சான அகராதி ஜ்யூ1-லியூ2 என்ற சொல்லைத் தரும், அதை வைத்துத் தேடினால் குறைவாகவே கிடைக்கும். நாடுகடத்தல் ’ச்யூ1-ஜூ2 ’சூ1-ஜிங்4. ஆங்கிலத் தாளில் ‘பேனிஷ்மென்ட்’, ‘டிப்போர்ட்டேஷன்’, ‘ரிபாட்ரியேஷன்’ என்று மூன்று பெயரில் ஒளிந்திருக்கும். மூன்றாவது, தானே ஊர் திரும்பியதுபோல் ஒலிக்கும்.

‘ஸ்குவாட்டர்’ என்பதை ஆக்கிரமிப்பாளர் என்று மட்டும் பெயர்த்தால் தவறான படம் வரும். வேலையிழப்பாலும் ஜப்பானியர் காலப் பஞ்சத்தாலும் காட்டோரம் போய்ப் பயிர்செய்த சீனக் குடும்பங்கள் அவர்கள். 1950இல் பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி சுமார் 5 லட்சம் பேரை வேலியடைத்த ஸின்1-’ட்ஸுன்1, புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். இது ‘ரீசெட்டில்மென்ட்’. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் குவித்து வேலி போட்டது ‘ரீகுரூப்மென்ட்’. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் இரண்டாவது சொல்லின் கீழ்தான் வருவார்கள். முதல் சொல்லில் தேடிவிட்டுத் தமிழர் பற்றி ஒன்றுமில்லை என்று மூடிவைப்பது பொதுவான பிழை.

‘ஹை கமிஷனர்’ இன்று காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதர். 1948 முதல் 1957 வரை மலாயாவில் அது பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமைப் பதவி. சீனத்தில் ’சின்1-’சாய்1 தா4-’சன்2. 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர்ஸ் ஹில் சாலையில் கொல்லப்பட்ட ஹை கமிஷனர் ஹென்ரி கர்னி தூதரல்ல.

ஆட்பெயர், ஊர்ப்பெயர்

’சன்2 என்ற குலப்பெயர் ஹொக்கியனில் டான், கான்டனீசில் சான், ஆங்கில எழுத்தில் சின் என்றும் வரும். ம.சீ.ச. தலைவர் டான் செங் லோக்கும் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் சின் பெங்கும் சீனத்தில் ஒரே ’சன்2. சின் பெங், ’சன்2 ’பிங்2, இயக்கப் பெயர். பிறப்புப் பெயரின் ஓங், மாண்டரினில் வாங்2. லிம் என்பது லின்2, லீ என்பது லி3. துங்கு அப்துல் ரகுமான் மலேசியச் சீனத்தில் துங்1-கூ1 ஆ1-தூ1-லா1-மான்4. சீனாவின் நூல்கள் ரகுமானை லா1-ஹ4-மான்4 என்று வேறு எழுத்தால் எழுதும். ஊர்களில் ஜி2-லுங்2-’போ1 கோலாலம்பூர், யி2-பாவ்3 ஈப்போ என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டு அவசரநிலைக்கு வழிவிட்ட சுங்கை சிப்புட்டை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. சீனத்தில் அது ஹ2-ஃபங்1.

பழைய நாளிதழைத் திறக்கும்போது

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின் நாளிதழ்த் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், நன்யாங் சியாங் பாவ், தமிழ் முரசு மூன்றும் உண்டு. ஒரே நிகழ்வுக்கு ஒரே நாள் இதழ்களை எடுத்து வைத்தால் உங்கள் நோட்டின் ஐந்தாம் பத்தி தானாக நிரம்பும். சீனப் பக்கம் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். குறுக்குத் தலைப்பும் பெரும்பாலும் வலமிருந்துதான். இடமிருந்து படித்துவிட்டு அகராதியில் இல்லையே என்று தேடிக்கொண்டிருக்கவேண்டாம். கணினி எழுத்தறிதல் இப்பக்கங்களில் அடிக்கடி தவறும். சொல் கிடைக்காவிட்டால் தேதியை வைத்துப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள்.

தேதி மின்2-குவோ2, அதாவது சீனக் குடியரசு, ஆண்டில் இருந்தால் 1911 கூட்டுங்கள்: 37 என்றால் 1948. எண்ணிக்கையில் வான்4 பத்தாயிரம். 50 வான்4 ஐந்து லட்சம், 100 வான்4 பத்து லட்சம். ஆங்கில மில்லியன் வழியாகப் போகாமல் நேரே லட்சத்துக்கு மாற்றினால் பிழை குறையும்.

முதல் பயிற்சிக்கு பாலிங் பேச்சுவார்த்தை

போரை முடிக்க அரசும் கம்யூனிஸ்ட் கட்சியும் பாலிங் ஊரில் பேசியது இது. 1955 டிசம்பர் 28, 29 என இரண்டே நாள், இருபுறமும் மும்மூன்று பேர். மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஒருபுறம். கம்யூனிஸ்ட் கட்சியின் சின் பெங், ரஷீத் மைதீன், சென் தியென் மறுபுறம். பாலிங் சீனத்தில் ஹுவா2-லிங்2. கூட்டத்தை ஹுய்4-’தான்2 என்றால் பேச்சு, ஹ2-’தான்2 என்றால் அமைதிப் பேச்சு. எந்த இதழ் எதைப் போடுகிறதென்று முதலில் குறியுங்கள். அடுத்து இரண்டு சொல்: தா4-ஷ4 பொதுமன்னிப்பு, ’தோவ்2-ஸியாங்2 சரணடைதல். பொதுமன்னிப்பு அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. பேச்சு முறிந்தது சரணடைதல் என்பதில். கட்சிக்கு அங்கீகாரம் வேண்டும், விசாரணைக் காவல் கூடாது என்று சின் பெங் நின்றார், துங்கு விட்டுக்கொடுக்கவில்லை. இதற்குப் பிறகு, கட்சி ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொண்ட 1989 டிசம்பர் 2 ஹாட் யாய் (தாய்லாந்து) உடன்பாட்டுச் செய்தியை எடுங்கள். அங்கே ’தோவ்2-ஸியாங்2 இருக்கிறதா, ஃபாங்4-ஸியா4 ஊ3-’சி4, ஆயுதத்தைக் கீழே வைத்தல், இருக்கிறதா என்று இதழ்வாரியாக அடிக்கோடிடுங்கள். ஆங்கிலத்தில் ‘சரண்டர்’, ‘லே டவுன் ஆர்ம்ஸ்’ இரண்டுக்கும் அதேபோல.